நானூற்றுப் பதினேழாம் நம்பர் கை

மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில், நாலுவழிச் சாலையை விட்டுக் கீழே இறங்கினால் வருகிற எங்கள் ஊரில், மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, அதன் வாசலில் இருபது வருஷமாக நான் இளநீர் வெட்டுகிறேன், அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களின் கைகள் தேதி பார்த்து மறக்கவும் தேதி பார்த்து நினைக்கவும் ஆரம்பித்தது ஒரு புரட்டாசி மாதத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, அன்றைக்கு மழையும் இல்லை, வெயிலும் பெரிதாக இல்லை, சாதாரணமான நாள்தான்.

அதற்கு முந்தி அங்கே பயிற்சி என்றால் வருஷத்துக்கு ஒரு நாள், பங்குனிக் கடைசியில், மாடி ஹாலில் பேனர் கட்டி, மிக்சரும் டீயும் கொடுத்து, தீயணைக்கிற சிவப்பு சிலிண்டரை மூலையிலிருந்து தூக்கிவந்து நடுவில் வைத்து, சுற்றிலும் எல்லோரும் நின்று போட்டோ பிடித்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சிலிண்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டுபோய் அதே மூலையில் வைப்பார்கள், அதற்குள் என்ன இருக்கிறது, ஏதாவது இருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. வராதவர்களுக்கெல்லாம் ஆபீஸில் இருக்கிற வேல்ராஜனே கையெழுத்துப் போட்டுவிடுவான். நாற்பது பேர் கையெழுத்து அவனுக்கு அத்துப்படி, தன்னுடைய கையெழுத்தைத்தான் பேங்கில் இரண்டு தடவை மாற்றிப் போட்டுத் திரும்பி வந்தான்.

இந்தப் பாடெல்லாம் இனிமேல் எதற்கு என்று சென்னையிலிருந்து ஒரு மிஷினை வாங்கி வைத்தார்கள். மிஷின் என்றால் சக்கரம் இருக்கிற மிஷின் இல்லை, கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற ஒன்று. பயிற்சிக்கு ஆளைச் சேர்க்கிறதும் அதுவே, கெடு வைக்கிறதும் அதுவே, கெடு நெருங்கினால் போனில் மணியடித்து மிரட்டுகிறதும் அதுவே, பாடத்தை யாரும் திறந்து பார்க்காமல் கிடந்தால் தானே பார்த்து, தானே கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, தானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்கிறதும் அதுவே. மனுஷன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், கடைசியில் மேனேஜர் தன் போனில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். முன்கூடத்தில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, அதில் எல்லோருடைய நம்பரும் பேரும் ஓட விட்டார்கள், சர்டிபிகேட் உயிரோடு இருந்தால் பச்சை விளக்கு, தேதி முடிந்துபோனால் சிவப்பு. இந்த டிவியில் இருக்கிறதுதான் என் திறமை, இதில் இல்லாதது எனக்குத் தெரியாது என்று ஒரு தாளில் எல்லோரிடமும் எழுதி வாங்கினார்கள். யாரும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் போட்டிருப்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு, இருபத்திரண்டு வருஷம் ஊசி போட்டு இந்த ஊரில் பாதிப் பேர் ரத்தத்தைப் பார்த்த சாலமோன் பிரதர், ஒரு டீச்சரின் கையைக் கட்டி நரம்பைத் தட்டிவிட்டு ஊசியை எடுத்தார், எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எந்தப் பக்கம் குத்துகிறது என்று அவர் கைக்குத் தெரியவில்லை. டிவியில் அவர் பேருக்கு நேரே சிவப்பு. மேனேஜர் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தார், வியாழக்கிழமை வந்து பட்டனை அமுக்கினார், அமுக்கின நிமிஷமே சாலமோன் பிரதர் கை பழையபடி பூப்போல ஊசி போட்டது. உங்களுக்கு மனசிலேயாவது ஞாபகம் இல்லையா என்று நான் கேட்டதற்கு, இருபத்திரண்டு வருஷமும் கைதான் போட்டது அண்ணாச்சி, நான் எங்கே பார்த்தேன், நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டோ போனைப் பார்த்துக்கிட்டோ இருப்பேன் என்றார். சொல்லிவிட்டு இளநீரில் வழுக்கை அதிகம் வேண்டும் என்றார்.

ஊர் இதற்கு ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளிகள் டோக்கன் வாங்குவதற்கு முன்னால் டிவியை அண்ணாந்து பார்க்கப் பழகினார்கள், கண் தெரியாதவர்கள் வாசலிலேயே என்னிடம் விசாரித்தார்கள், எக்ஸ்ரேக்காரர் இன்னைக்குப் பச்சையா சிவப்பா என்று, நானும் இளநீரோடு அதையும் சொல்லி அனுப்பினேன். நர்ஸுக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் ஜாதகத்தோடு எத்தனை தேதி வரை பச்சை என்று கேட்டார்கள். சிவப்பு விழுந்த சிஸ்டர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தவள் குழந்தையைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியாவது, இந்தக் கை செய்கிற வேலையை நாம் ஒரு தடவை கண்ணால் பார்த்து வைத்துக்கொள்வோம் என்று நினைத்தாளா என்றால் இல்லை. மேனேஜர் பட்டன் அமுக்கினால் வரப்போகிறது, எதற்கு மெனக்கெட வேண்டும்? டாக்டர்கள் பேரும் முதலாளி பேரும் மட்டும் டிவியில் ஏறவில்லை, பெரிய கைகளுக்குத் தேதி கிடையாது.

இதில் முத்துப்பேச்சி எப்படி வந்தாள் என்று சொல்கிறேன். ரயில்வே கேட்டுக்குத் தெற்கே காலனியில் இருக்கிறவள், ஐந்தாவதோடு நின்றவள், அந்த ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாகத் தரை துடைக்கிறாள், ஆனால் காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்தவள் ஆகிவிடுவாள். குப்பையைப் பிரித்துப் போடுவதில் அவளைப் போல ஆள் கிடையாது. மஞ்சள் பையில் மனுஷ உடம்பிலிருந்து வெட்டினதும் கழிந்ததும், நஞ்சுக்கொடி, ரத்தப் பஞ்சு. சிவப்புப் பையில் பிளாஸ்டிக், டியூப், கையுறை. நீலத்தில் கண்ணாடி, வெள்ளை டப்பாவில் ஊசி. பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஊசிமூடிகூட மாறி விழுந்ததில்லை. கடைசியாகக் காண்டிராக்டர் மாறினபோது அவளுக்குப் புது நம்பர் போடச் சென்னையில் கையெழுத்தாகி வர மூன்று மாசம் ஆகும் என்று, அங்கே எப்போதும் செய்கிற வழக்கப்படி, வேலையை விட்டுப்போன யாருடைய நம்பரையாவது காண்டிராக்ட் ஆளுக்குக் கொடுப்பது, பழைய யூனிபாரத்தைக் கொடுப்பது மாதிரி, அப்படி வேல்ராஜன் அவளுக்கு நானூற்றுப் பதினேழைக் கொடுத்தான். அது பிரசவ வார்டு ஜெனோவா சிஸ்டருடைய நம்பர், அவள் மஸ்கட் போய்விட்டாள். அந்த ஆஸ்பத்திரியிலேயே நிஜமாக மதுரைக்கு பஸ் ஏறிப்போய், நாலு நாள் இருந்து, பிறந்து அழாத குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கப் படித்துவிட்டு வந்தவள் அவள் ஒருத்திதான். அந்தச் சர்டிபிகேட்டுக்கு இன்னும் பதினாலு மாசம் உயிர் இருந்தது, அடுத்த வருஷம் நவம்பர் பன்னிரண்டு வரைக்கும். மிஷினுக்கு ஜெனோவாவும் தெரியாது, பேச்சியும் தெரியாது, நம்பர்தான் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு மாப்பைப் பிழிந்துகொண்டிருந்த பேச்சியின் கைகள் பிழிவதை நிறுத்திவிட்டு, ஈரத் துணியை உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டு, கழுத்து மாதிரி ஒரு முனையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்து, முதுகு மாதிரி நடுவில் தேய்க்க ஆரம்பித்தன. அவள் பயப்படவில்லை, மாப்புத் துணிக்கு இவ்வளவு சீராட்டா என்று சிரித்தாளாம்.

மூன்றாம் நாள் சிமெண்ட் கடைக்காரர் வீட்டு மருமகளுக்குக் குழந்தை பிறந்து அழவில்லை. லேடி டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில், பிரசவ வார்டு ரெஜினா சிஸ்டர் சிவப்பு, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். கட்டிலுக்கு அடியில் ரத்தம் துடைத்துக்கொண்டிருந்த பேச்சி எழுந்தாள், அவள் கைகள் அவளைக் குழாய்க்கு இழுத்துக்கொண்டுபோய் முழங்கை வரைக்கும் கழுவின, வந்து குழந்தையைத் துடைத்தன, முதுகைத் தேய்த்தன, வாயையும் மூக்கையும் சுத்தம் செய்தன, கழுத்தை நிமிர்த்தி, மூஞ்சியில் மூடியை வைத்து, மூச்சுக் கொடுக்கிற ரப்பர் உருண்டையை அமுக்கின, ஏழாவது அமுக்கில் குழந்தை ஊரைக் கூட்டியது.

சிமெண்ட் கடைக்காரர் பெண்சாதி உள்ளே வந்து பேரனைப் பார்த்தாள், பேச்சியின் சேலையைப் பார்த்தாள், அது துப்புரவு ஆட்கள் கட்டுகிற சாக்குக் கலர் சேலை, பிறகு பேச்சியின் கைகளைப் பார்த்தாள். எந்தக் கை பட்டது என்று கேட்டாள். ரெண்டும்தான் என்றாள் பேச்சி. அந்த அம்மாள் குழந்தையை வாங்கி, பிறந்து கால்மணி நேரம் ஆகாத பச்சை மண்ணை, மஞ்சள் தண்ணீரில் ஒரு தடவை, வெறும் தண்ணீரில் ஒரு தடவை, திரும்ப மஞ்சள் தண்ணீரில் ஒரு தடவை என்று மூன்று தடவை குளிப்பாட்டினாள், மூச்சு வந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், உதடு சிவந்துபோகிற வரை. ஆஸ்பத்திரி முழுக்கச் சர்க்கரை கொடுத்தார்கள். பேச்சிக்கு மட்டும் கொடுக்கவில்லை, நீ வேலையா இருந்தே என்றார்கள்.

ஆனால் கை வேண்டும் அவர்களுக்கு. அந்தக் கையை வேண்டாம் என்று சொல்ல எந்த வீட்டுக்கும் வாய் வரவில்லை, அந்தக் கைக்குப் பின்னால் ஒரு பேச்சி இருக்கிறாளே, அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. ரெஜினா சிவப்பாக இருக்கிற நாளில் பேச்சியைப் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டு, பச்சை அங்கியும் குல்லாவும் முகமூடியும் மாட்டி, கையுறை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு, பேசக் கூடாது என்று சொல்லி உள்ளே விடுவார்கள், குழந்தை அழுததும் அங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, இந்தா, இந்தத் தரையையும் துடைத்துவிடு என்பார்கள். வீட்டாட்கள் அந்த முகமூடி போட்ட நெட்டைச் சிஸ்டர் தெய்வம் மாதிரி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தெரிந்தவர்களும் தெரியாத மாதிரி சொன்னார்கள். மறு புரட்டாசிக்குள் முப்பத்தொரு குழந்தைகள். சிமெண்ட் கடைக்காரர் வீட்டில் பேரனுக்கு முதல் பிறந்தநாள் என்று ஆஸ்பத்திரிக்கே பிரியாணி போட்டார்கள், சிஸ்டர்களுக்கு மேஜையில், துப்புரவு ஆட்களுக்குக் குப்பை அறைக்குப் பக்கத்தில். பேச்சி அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் என் வண்டிக்கு எதிரே இருக்கிற நாய்க்கு வைத்தாள். நாய் சாப்பிட்டது. அதற்கென்ன தெரியும்.

பேச்சிக்கு இருப்பது ஒரே மகள், தங்கபுஷ்பம். மகளுடைய முதல் பிள்ளை அழாமலே போனது, வேறொரு ஊரில், பக்கத்தில் யாரும் இல்லாமல். இரண்டாவதாக உண்டாகி, நவம்பர் கடைசியில் நாள் சொல்லியிருந்தார்கள். பேச்சி கணக்கில் அந்த முப்பத்தொன்றும் ஒத்திகை, முப்பத்திரண்டாவதுக்குத்தான் அந்தக் கை அவளுக்கு வந்திருக்கிறது. நவம்பர் பன்னிரண்டில் நம்பருக்குத் தேதி முடிகிறது, ஆனால் மிஷின் தானே சேர்த்து, தானே பாஸ் போட்டு, மேனேஜர் கூட்டத்தோடு கூட்டமாக அமுக்கிவிடுவார், யாரும் கிளறாமல் இருந்தால் போதும் என்று வேல்ராஜன் சொல்லியிருந்தான். அவள் யாரையும் கிளறவில்லை, தன் நிழல்கூடச் சத்தம் போடாமல் நடந்தாள்.

அக்டோபரில் ஒரு நாள் பேச்சி என் வண்டியோரம் நின்றபோது வேல்ராஜன் அங்கே வந்தான், அதுவரைக்கும் வாடி போடி என்று பேசினவன் அன்றைக்கு பேச்சிக்கா என்றான், அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய பரிசோதனைக்கு ஆட்கள் வருகிறார்களாம், நம்பருக்கு நம்பர் ஆளை நிறுத்தி முகம் பார்ப்பார்களாம், ஒரு சிஸ்டர் நம்பரில் துப்புரவு ஆள் நின்றால் ஆஸ்பத்திரி மானமே போய்விடுமாம். அதனால் நானூற்றுப் பதினேழைப் புதுப்பிக்கப்போவதில்லை, பன்னிரண்டாம் தேதி காலை எட்டு மணியோடு மூடிவிடுவார்கள், அவளுக்குத் துப்புரவு ஆட்களுக்கான புது நம்பர் ஒன்று ஏறும், அதற்குண்டான பாடம் தனியாக இருக்கிறது.

எனக்கு அந்த மூச்சுக் கொடுக்கிற பாடத்தையே போட்டுக் கொடுங்க சார், நான் உக்காந்து படிக்கேன் என்றாள் பேச்சி. மிஷின் பன்னிரண்டாவது பாஸ் கேட்கும், அஞ்சாவதுக்குத் திறக்காது என்றான். முப்பத்தொரு பிள்ளையையும் அதுகிட்ட சொல்லிப் பாருங்க என்றாள். அதை எழுதுறதுக்கு மிஷின்ல கட்டம் இல்லக்கா என்றான் அவன், பாவம்போலத்தான் சொன்னான், அந்தப் பாவத்தைக் கேட்கவும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

பேச்சி கீழே கிடந்த இளநீர்க் கூடுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, ஜெனோவா சிஸ்டருக்கு நம்பர் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆவுதே, அவங்க கையும் மறந்துட்டா என்று கேட்டாள். எனக்கே அது தோன்றவில்லை. வேல்ராஜன் அங்கேயே நின்று மஸ்கட்டுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

“கை மறந்தா மறந்துட்டுப் போகுதுக்கா,” என்றாள் ஜெனோவா, பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. “அந்த நாலு நாளும் எங்கள வாயால சொல்லச் சொல்லித்தான் செய்ய வச்சாங்க. சொல்லாமச் செஞ்சா ஸ்கேலால அடி. வாயில ஏறினது எங்க போகும்?”

அன்றையிலிருந்து முப்பது நாள் பேச்சி தன் கைகளுக்கே மாணவியாக இருந்தாள். மத்தியானச் சோற்று நேரத்தில், என் வண்டிக்குப் பின்னால் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, ஈரத் துணியைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரி சமைப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி அந்தக் கைகளைப் பார்ப்பாள், கை என்ன செய்கிறதோ அதற்கு ஒரு சொல் வைப்பாள், தன்னுடைய சொல், சமையல்கட்டில் இருந்தும் தரையில் இருந்தும் எடுத்த சொல். துடை, தேய், வழி, நிமிர்த்து, மூடு, அமுக்கு, எண்ணு. எவ்வளவு அமுக்கு என்று கையைக் கேட்பாள், கை அமுக்கிக் காட்டும், அவள் யோசித்து, எலுமிச்சம்பழத்தை விதை நசுங்காமல் பிழிகிற அமுக்கு என்று வாயில் ஏற்றிக்கொள்வாள். எனக்கு எதிரே உட்கார்ந்து முழுவதையும் ஒப்பிப்பாள், ஒரு சொல் தப்பினால் திரும்ப முதலில் இருந்து. ரெஜினா சிஸ்டர் ஒரு நாள் இளநீர் குடிக்க வந்து இதைப் பார்த்துவிட்டு, எதுக்கு பேச்சி இந்த வேலை, எனக்கெல்லாம் தானா வந்துடும் என்று சொல்லிவிட்டு, ஸ்ட்ராவைக் கீழே போட்டுவிட்டுப் போனாள். பேச்சி அதை எடுத்துச் சிவப்புப் பையில் போடுவதற்காக மடியில் சொருகிக்கொண்டாள்.

நவம்பர் இருபத்தைந்துக்குச் சொன்ன வலி, பன்னிரண்டாம் தேதி விடிகிற நேரத்தில் தங்கபுஷ்பத்துக்கு வந்துவிட்டது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி ஆறரை, நான் அப்போதுதான் காய்களை இறக்கிக்கொண்டிருந்தேன், பேச்சி இறங்கியதும் வாசல் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டுக்கு முன்னால் பிறந்துவிட்டால் கவலை இல்லை. பின்னால் நடந்தது முழுவதும் பேச்சி சொல்லி நான் கேட்டது. ஏழு மணிக்குத் தலை தெரிகிறது என்றார்கள். ஏழரைக்குத் திரும்ப உள்ளே போய்விட்டது என்றார்கள். லேடி டாக்டர் இன்னொருத்திக்கு வயிற்றைத் திறந்துகொண்டு தியேட்டரில். ரெஜினாவுக்கு அன்றைக்கும் சிவப்பு, மேனேஜர் பரிசோதனைக்காரர்களைக் கூட்டிவர மதுரை விமான நிலையத்துக்கு மாலையோடு போயிருக்கிறார், அவருடைய விரலும் அவரோடு போயிருக்கிறது. பேச்சி மகள் தலைமாட்டில் நின்று, வா, வந்துரு, வந்துரு என்று குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டு, ஒரு கண்ணால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

எட்டு மணிக்கு அவளுக்குத் தெரிந்தது. வாஷ்பேசினில் அடைப்பைப் பிடுங்கினால் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குமே, அந்த மாதிரி தோளில் இருந்து விரல் வழியாக எல்லாம் இறங்கிப்போனது, போன இடத்தில் உடனே வேறொன்று வந்து ஏறியது, புது நம்பர். அந்த நம்பருக்குத் தெரிந்தது துடைக்கிறதும் பிழிகிறதும் பை நிறம் பார்க்கிறதும்தான். பத்தொன்பது வருஷமாக அவள் கைக்கு வந்த வேலையை மிஷின் அன்றைக்குத்தான் புதிதாகக் கற்றுக்கொடுத்தது.

எட்டு பத்துக்குக் குழந்தை பிறந்தது. பெண். நீலமாக இருந்தது, அழவில்லை.

ரெஜினா அதைத் துணியில் ஏந்திக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது, கீழே போடாமல் நின்றாள். பேச்சி குழந்தையை நோக்கிக் கையை நீட்டினாள், கை நீளவில்லை, அது மூலையில் இருந்த வாளியைப் பார்த்துத் திரும்பியது, தரையில் ரத்தம் கிடக்கிறதே, அதைத் துடைக்க வேண்டும் என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தது. அம்மா, ஏன் சத்தத்தையே காணோம் என்று மகள் கேட்டாள். பேச்சி இரண்டு அடி வாளிப் பக்கம் இழுபட்டே போனாள், மாப்புக் குச்சியைக் கை பிடித்தும்விட்டது. அப்போது அவள் தன் வலது கை மணிக்கட்டைக் கடித்தாள், பல் பதிகிற மாதிரி, முரண்டு பிடிக்கிற மாட்டை மூக்கணாங்கயிற்றில் சுண்டுகிற மாதிரி.

“துடைக்கணும்னா இங்க துடை,” என்றாள்.

கைக்கு அந்தச் சொல் தெரியும். துடைக்கிறதுதானே அதற்குத் தெரிந்தது. குச்சியை விட்டுவிட்டு வந்து குழந்தையைத் துடைத்தது, தரையைத் துடைக்கிற மாதிரியேதான் துடைத்தது, மூலை விடாமல், மடிப்பு விடாமல், அடுத்து தேய் என்றாள், கறையைத் தேய்க்கிற மாதிரி முதுகைத் தேய்த்தது, மெதுவா, மொசைக் கல்லு, கீறல் விழும் என்றாள், அது மெதுவானது, வழி என்றாள், ஜன்னல் காடி இடுக்கில் இருக்கிற அழுக்கை வழிக்கிற மாதிரி சுண்டுவிரலில் துணி சுற்றி வாயை வழித்தது. நிமிர்த்து என்ற சொல் கைக்குத் தெரியவில்லை, சாய்ந்த வாளியை நேரே வை என்றாள், கழுத்து நேரானது. மூடு. அப்புறம் அந்த ரப்பர் உருண்டையைப் பிடித்ததும் கை அதை மாப்பைப் பிழிகிற பிடியில் பிடித்தது, நெஞ்சு வெடித்துவிடுகிற பிடி, இல்லை இல்லை, எலுமிச்சம்பழம், விதை நசுங்கக் கூடாது என்று வாயால் சொல்லிச் சொல்லி, ஒன்று, விடு, இரண்டு, விடு என்று எண்ணிக்கொண்டு போனாள். ஏழு தாண்டியது. பதினைந்து தாண்டியது. ரெஜினா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இருபத்தாறாவது அமுக்கில் குழந்தை ஒரு தும்மல் தும்மியது, இருபத்தெட்டில் அழுதது, பேச்சி முப்பது வரை எண்ணிவிட்டுத்தான் நிறுத்தினாள்.

அந்த அழுகை வாசல் வரைக்கும் எனக்குக் கேட்டது. டிவியை எட்டிப் பார்த்தேன், ஒரு விளக்கும் மாறவில்லை.

ஒன்பதே காலுக்கு மேனேஜர் காரில் வரும்போதே பட்டனை அமுக்கிவிட்டார், எல்லோரும் பச்சை. அமுக்கினது ஒன்பதே காலுக்கு, ஆனால் முதல் நாள் சாயங்காலம் அமுக்கின மாதிரி மிஷினில் தேதியைப் பின்னால் தள்ளி வைக்க ஒரு வசதி இருக்கிறதாம், தள்ளி வைத்தார்கள். பத்து மணிக்குப் பரிசோதனைக்காரர்கள் மாலையோடு வந்து டிவியைப் பார்த்தார்கள், அன்றைக்குக் காலையில் பிரசவ வார்டில் மூச்சில்லாத ஒரு குழந்தையைப் பயிற்சி பெற்ற ரெஜினா சிஸ்டர் காப்பாற்றின ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள், நூற்றுக்கு நூறு என்றார்கள். ரெஜினா அவர்கள் கொடுத்த பூங்கொத்தைப் பச்சை விளக்கு எரிகிற இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். முதலாளி லட்டு கொடுத்தார், என் வண்டிக்கும் ஒன்று வந்தது, நான் அதைச் சாக்கடையில் போட்டேன். லட்டைச் சாக்கடையில் போட்டது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான்.

வேல்ராஜன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போனான். பேச்சி அங்கே தரையில் உட்கார்ந்திருந்தாள், பேத்தி அவள் மடியில். எட்டு மணிக்கு மேல் நான் இந்த அறையில் துடைக்கிற வேலை தவிர வேறெதுவும் செய்யவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அவள் போனிலும் மணியடித்தது, மிஷின்தான், புது நம்பரை ஒரு பாடத்தில் சேர்த்திருக்கிறதாம், துப்புரவுப் பணியாளர் தொடக் கூடாதவை எவை எவை என்று, ஏழு நாள் கெடு. பேச்சிக்கா, ஒரு கையெழுத்துதான், நானே போட்டிருப்பேன், இன்னைக்குக் கேமரா இருக்கு என்றான் வேல்ராஜன்.

“நான் துடைக்கத்தான் செஞ்சேன் சார்,” என்றாள் பேச்சி. “அது நெசந்தான். குடுங்க.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள், மணிக்கட்டில் பல் தடம் கருத்திருந்தது, அதையும் அவன் பார்த்தான், பார்த்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போனான். பிறகு பேத்தியை மகள் பக்கத்தில் விட்டுவிட்டு எழுந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்ததையெல்லாம் துடைத்தாள், பிழிந்தாள், பஞ்சைப் பொறுக்கினாள், கையுறையையும் டியூபையும் சிவப்புப் பையில் போட்டாள், நஞ்சுக்கொடியை மஞ்சள் பையில் போட்டாள். எல்லாம் முடிந்ததும் கழுத்தில் தொங்கின அடையாள அட்டையை, போட்டோவும் புது நம்பரும் அன்றைக்குக் காலையில்தான் அடித்து மாட்டின அட்டையை, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அது பிளாஸ்டிக். பிளாஸ்டிக் சிவப்புப் பைக்குப் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், கைக்கும் தெரியும், கை சிவப்புப் பைப் பக்கம்தான் போனது. அவள் இன்னொரு தடவை மணிக்கட்டைக் கடித்து, கையைத் திருப்பிக்கொண்டு வந்து, அட்டையை மனுஷ உடம்பிலிருந்து கழிந்தது போகிற மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.